3 பழைய வன்தட்டுகள், ஒரு புதிய கணினி: எதை முதலில் செருகுவது?

மழைத்துளி:

வணக்கம். 13 ஆண்டுகள் உழைத்த கணினி போன மாதம் ஓய்ந்துவிட்டது. புதியதற்கு வேண்டிய பாகங்களை வாங்கி நானே பூட்டிக்கொண்டிருக்கிறேன். மேசை மேல் மூன்று வன்தட்டுகள் காத்திருக்கின்றன.

ஒன்று 80 ஜிபி. வீட்டின் முதல் கணினியில் இருந்தது, பின்னால் அகலமான 40 ஊசி இணைப்பு. இரண்டாவது 500 ஜிபி சாட்டா, அதாவது இன்றைய வன்தட்டுகளில் உள்ள மெல்லிய இணைப்பு வகை. அதில் விண்டோஸ் 7 அப்படியே இருக்கிறது. மூன்றாவது 3 டிபி. அது ஒரு யுஎஸ்பி பெட்டிக்குள் இருந்தது. பெட்டியின் வாய் ஆடிப்போய், கேபிளை ஒரு பக்கமாக அழுத்திப் பிடித்தால்தான் தட்டு தெரியும் என்ற நிலை வந்ததால் பெட்டியைப் பிரித்துவிட்டேன். உள்ளே சாதாரண சாட்டா தட்டுதான்.

மூன்றையும் புதிய கணினிக்குள் மாட்டிவிட்டால் போதுமா? விண்டோஸ் 11 நிறுவும்போது இவற்றில் இருப்பது அழிந்துவிடுமா? 80 ஜிபி தட்டில் என் மகள் இரண்டு வயதில் எண்களைச் சொல்லும் ஒலிப்பதிவு இருக்கிறது. வேறெங்கும் அதற்குப் பிரதி இல்லை. அதனால்தான் கேட்காமல் கைவைக்கத் துணிவு வரவில்லை.

இரவுவிளக்கு:

பயப்பட வேண்டாம் நண்பரே. சாட்டா 2003இல் வந்தது. வேகம் 1.5, 3, 6 கிகாபிட் என்று ஏறியதே தவிர வாய் மாறவில்லை. பழைய தட்டும் புதிய மதர்போர்டும் தாமே பேசிக்கொண்டு இருவருக்கும் ஒத்த வேகத்தில் ஓடும். என் 1 டிபி தட்டு இப்போது மூன்றாவது கணினியில் இருக்கிறது. இடம் மாற்றுவதால் மட்டும் எதுவும் அழியாது.

80 ஜிபி, சாட்டாவுக்கு முந்தைய ஐடிஇ வகை. அதற்கு இன்றைய மதர்போர்டுகளில் இடமில்லை, யுஎஸ்பி மாற்றி ஒன்று வேண்டும்.

திருப்புளி:

மழைத்துளி, எதையும் இயக்கும் முன் ஒன்று சொல்லுங்கள். புதிய பவர் சப்ளை, கேபிள்களைக் கழற்றி மாட்டும் மாடுலர் வகையா? பழைய கேபிள் எதையாவது அதில் செருகியிருக்கிறீர்களா?

மழைத்துளி:

ஆம், மாடுலர்தான். அதனுடன் வந்த சாட்டா பவர் கேபிள் கீழ்த்தட்டு வரை எட்டவில்லை. பழைய பவர் சப்ளையின் கேபிள் நீளமாக இருக்கிறது, வாயும் கச்சிதமாகப் பொருந்துகிறது. அதை மாட்டி வைத்திருக்கிறேன். இன்னும் மின்சாரம் கொடுக்கவில்லை.

திருப்புளி:

கொடுக்காதீர்கள். அந்தக் கேபிளை இப்போதே கழற்றிவிடுங்கள்.

தட்டில் செருகும் 15 முனை இணைப்பு எங்கும் ஒன்றுதான். பவர் சப்ளையில் செருகும் மறுமுனைக்கு அப்படி ஒரு பொது விதி கிடையாது. எந்த ஊசியில் 12 வோல்ட், எந்த ஊசியில் 5 வோல்ட் என்பதைத் தயாரிப்பவர் தம் விருப்பப்படி வைக்கிறார். ஒரே நிறுவனத்தின் இரண்டு மாடல்களுக்கு இடையிலேயே அது மாறும். வாய் பொருந்துவதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

நானே இந்தத் தவற்றைச் செய்தவன். பவர் சப்ளையை மாற்றியபோது, பெட்டியின் பின்புறம் பார்த்துப் பார்த்துக் கட்டி வைத்திருந்த கேபிள்களைப் பிரிக்க மனமில்லாமல் அவற்றையே புதியதில் செருகினேன். பொத்தானை அழுத்தியதும் ஒரு சின்ன வெடிப்புச் சத்தம், பிறகு பிளாஸ்டிக் கருகும் நெடி. 5 வோல்ட் போக வேண்டிய தடத்தில் 12 வோல்ட் போயிருந்தது. இரண்டு தட்டுகள் சுழலவே இல்லை.

தட்டைத் திருப்பினால் அடியில் ஒரு பச்சைப் பலகை தெரியும். பவர் வாய்க்கு அருகில் சிறிய கறுப்புப் பாகங்கள் இரண்டு இருக்கும், 12 வோல்ட் தடத்துக்கு ஒன்று, 5 வோல்ட்டுக்கு ஒன்று. டிவிஎஸ் டையோடு என்று பெயர். அளவுக்கு மிஞ்சிய மின்னழுத்தம் வந்தால் அதைத் தரைக்குத் திருப்பிவிட்டுத் தான் பலியாகும். என் தட்டு ஒன்றில் அந்த டையோடு ஷார்ட் ஆகியிருந்தது. மீட்டரில் கிட்டத்தட்ட 0 ஓம் காட்டியது. ஈயப்பற்றை உருக்கி அதை எடுத்த பிறகு தட்டு சுழன்றது. பாதுகாப்பு போய்விட்ட தட்டு என்பதால் அன்று இரவே முழுவதையும் நகலெடுத்தேன்.

இன்னொன்றில் சேதம் டையோடைத் தாண்டிப் போய்விட்டது. அதே மாடலில் வேறு பலகை வாங்கி மாட்டலாமே என்று பலர் சொன்னார்கள். மிகப் பழைய தட்டுகளில் அது நடந்தது. இப்போது ஒவ்வொரு தட்டின் படிக்கும் தலைகளுக்கும் உரிய அளவுத்திருத்தங்கள் அதனதன் பலகையில் ஒரு சில்லில் பதிந்திருக்கின்றன, அந்தச் சில்லையும் பெயர்த்து மாற்ற வேண்டும். அந்தக் கைத்திறன் என்னிடம் இல்லை. தட்டு இன்றும் என் இழுப்பறையில் இருக்கிறது.

எட்டவில்லை என்றால் உங்கள் பவர் சப்ளை மாடலுக்கென்றே வரும் கேபிளை வாங்குங்கள். அதுவரை தட்டைப் பெட்டியில் பூட்டாமல், கேபிள் எட்டும் இடத்தில் காய்ந்த மரப்பலகை மேல் வைத்து ஒவ்வொன்றாக இயக்குங்கள். ஓடும்போது மட்டும் அசைக்காதீர்கள்.

மழைத்துளி:

கழற்றிவிட்டேன். இரண்டு கேபிள்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பழையதில் மஞ்சள் கம்பி ஓரத்தில் இருக்கிறது, புதியதில் அதே ஓரத்தில் கறுப்புக் கம்பி. நீங்கள் கேட்டிருக்காவிட்டால் பத்து நிமிடத்தில் பொத்தானை அழுத்தியிருப்பேன். நன்றி என்ற சொல் போதவில்லை.

நூலகர்:

மின்சாரத்தைத் திருப்புளி பார்த்துக்கொண்டார். எதற்குப் பின் எது என்பதை நான் சொல்கிறேன்.

விண்டோஸ் 11ஐப் புதிய எஸ்எஸ்டியில் (சுழலும் பாகம் இல்லாத சேமிப்புக் கருவியில்) நிறுவுங்கள். அந்த நேரத்தில் பழைய தட்டு ஒன்றுகூட இணைந்திருக்கக் கூடாது. பட்டியலில் தவறான வரியைத் தொட்டு அழித்துவிட ஒரு நொடி போதும் என்பது ஒரு காரணம். வேறு தட்டு இருந்தால் கணினியை எழுப்பும் இஎஃப்ஐ பகுதி அங்கே போய் அமர்ந்துகொள்வதுண்டு என்பது இன்னொன்று. பின்னொரு நாள் அந்தத் தட்டைக் கழற்றினால் புதிய கணினி எழாது, காரணமும் எளிதில் பிடிபடாது.

500 ஜிபியில் உள்ள விண்டோஸ் 7ஐப் புதிய கணினியில் எழுப்பிப் பார்க்க வேண்டாம். அதற்கான ஆதரவு 2020 ஜனவரியில் முடிந்தது. யுஎஸ்பி 3க்கான டிரைவரே அதில் கிடையாது, திரை வந்தாலும் விசைப்பலகை வேலை செய்யாமல் நிற்கக்கூடும்.

இனி நான் முக்கியமாக நினைப்பது. பழைய தட்டுகளைப் புதிய கணினியில் குடியேற்றாதீர்கள். ஒரு முறை முழுவதும் படித்து முடிப்பதற்காக மட்டும் உள்ளே விடுங்கள். பல ஆண்டுகள் சும்மா கிடந்த தட்டுக்கு எத்தனை மணி நேரம் மிச்சம் என்று யாராலும் சொல்ல முடியாது. அந்த மணி நேரங்களைக் கோப்புறைகளைத் திறந்து பழைய படங்களைப் பார்ப்பதில் செலவிடாதீர்கள். பார்ப்பதெல்லாம் நகலில் இருந்து.

இணைத்ததும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ போன்ற ஒரு மென்பொருளில் ஸ்மார்ட் விவரத்தை, அதாவது தட்டு தன் நிலையைத் தானே குறித்து வைக்கும் எண்களைப் பாருங்கள். 05, சி5, சி6 ஆகிய மூன்று வரிகளும் பழுதான இடங்களை எண்ணுபவை, அவை பூஜ்யமாக இருந்தால் சாதாரணமாக நகலெடுக்கலாம். சி5 ஏறிக்கொண்டே போனால் நிறுத்திவிட்டு இங்கே எழுதுங்கள். தகவல் கடத்தும்போது நேரும் பிழைகளை எண்ணும் சி7 மட்டும் ஏறினால் பெரும்பாலும் கேபிள்தான் குற்றவாளி.

இரவுவிளக்கு:

நூலகர் ஐயா, இந்த ஒரு இடத்தில் நான் மாறுபடுகிறேன். நன்றாக இருக்கும் தட்டை ஏன் ஒதுக்க வேண்டும்? என்னுடையது 41,000 மணி நேரம் ஓடியிருக்கிறது. நீங்கள் சொன்ன மூன்று வரிகளும் இன்றும் பூஜ்யம்.

நூலகர்:

ஓடட்டும், நான் குறை சொல்லவில்லை. அதில் இருப்பது வேறு எங்காவது இருக்கிறதா என்பதுதான் என் கேள்வி. இருக்கிறது என்றால் அந்தத் தட்டு ஓடும் வரை ஓடலாம். ஸ்மார்ட் எண்கள் எல்லாம் சரியாக இருந்தும் மறுநாள் காலை எழாத தட்டுகளை நான் பார்த்திருக்கிறேன். மழைத்துளியின் ஒலிப்பதிவு ஒரே இடத்தில் இருக்கிறது. உங்கள் தட்டும் அதுவும் ஒன்றல்ல.

இரவுவிளக்கு:

ஏற்றுக்கொள்கிறேன். உண்மையில் என் தட்டில் இருப்பதற்கும் வேறு நகல் கிடையாது. இன்றே எடுக்கிறேன்.

வானம்பாடி:

இடையில் ஒரு கேள்வி, மன்னிக்கவும். என் மடிக்கணினியின் திரை உடையும் நிலையில் இருக்கிறது. அதன் எஸ்எஸ்டியைக் கழற்றி வேறு கணினியில் மாட்டலாமா?

திருப்புளி:

கழற்றும் முன், திரை தெரியும்போதே ஒன்று செய்துவிடுங்கள் அம்மா. பல மடிக்கணினிகளில் பிட்லாக்கர் குறியாக்கம், அதாவது தரவை மறைத்துப் பூட்டும் விண்டோஸ் வசதி, நாம் கேட்காமலே இயங்கிக்கொண்டிருக்கும். அதன் திறவுகோல் அந்த மதர்போர்டின் டிபிஎம் சில்லில் பூட்டப்பட்டிருப்பதால் அங்கே நம்மிடம் எதுவும் கேட்பதில்லை. வேறு கணினிக்குப் போனதும் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கும். அது இல்லாவிட்டால் உள்ளே போக வழியே இல்லை. இப்போதே அமைப்புகளில் பார்த்து அந்த எண்ணைத் தாளில் எழுதி வையுங்கள்.

வானம்பாடி:

பார்த்தேன். இயங்கிக்கொண்டுதான் இருக்கிறது! எண்ணை எழுதிக்கொண்டேன். இப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது.

மழைத்துளி:

இரண்டு நாள் வேலையைச் சொல்கிறேன். விண்டோஸ் 11 ஏறிவிட்டது. 500 ஜிபியை மாட்டினேன், கணினி கண்டுகொள்ளவே இல்லை. தட்டு செத்துவிட்டது என்று முடிவுகட்டிவிட்டேன். பிறகு மதர்போர்டு கையேட்டைப் புரட்டினால், மதர்போர்டிலேயே எஸ்எஸ்டி செருகும் எம்.2 இடங்களில் இரண்டாவதில் எஸ்எஸ்டி இருந்தால் கடைசி இரண்டு சாட்டா வாய்கள் அணைந்துவிடும் என்று சிறிய எழுத்தில் போட்டிருக்கிறது. முதல் வாய்க்கு மாற்றியதும் வந்துவிட்டது. ஸ்மார்ட் வரிகள் மூன்றும் பூஜ்யம்.

இரண்டு சிக்கல்கள். பழைய பயனர் கோப்புறையைத் திறந்தால் அனுமதி இல்லை என்கிறது. 'தொடர்க' என்ற பொத்தான் இருக்கிறது, அழுத்தவில்லை.

மற்றது 3 டிபி. விண்டோஸ் இதை ஃபார்மேட் செய்ய வேண்டும் என்கிறது. வட்டு மேலாண்மையில் பார்த்தால் 349.31 ஜிபிக்கு ஒரு பகுதி, ரா (விண்டோஸுக்குப் படிக்கத் தெரியாத பகுதி) என்று குறித்திருக்கிறது, மீதி எல்லாம் காலி இடம். அந்தத் தட்டு கிட்டத்தட்ட நிரம்பியிருந்தது. போன வாரம் வரை பெட்டிக்குள் நன்றாகத்தான் தெரிந்தது. ஃபார்மேட் கேள்வியை மூடிவிட்டு இங்கே வந்திருக்கிறேன்.

திருப்புளி:

மூடியது நல்லதாயிற்று. உங்கள் தட்டுக்கு எதுவும் ஆகவில்லை என்றே நினைக்கிறேன். 349.31ஐ 8ஆல் பெருக்கிப் பாருங்கள்.

மழைத்துளி:

2794.48.

திருப்புளி:

3 டிபி தட்டை விண்டோஸ் 2794.5 ஜிபி என்றுதான் காட்டும். ஆக உங்கள் பகுதி முழுதாக இருக்கிறது, எட்டில் ஒன்றாகச் சுருங்கித் தெரிகிறது.

காரணம் அந்த யுஎஸ்பி பெட்டி. தட்டு தன் இடங்களை 512 பைட் துண்டுகளாக எண்ணிச் சொல்கிறது. எம்பிஆர் என்ற பழைய பகுதிப் பட்டியலில் அந்தத் துண்டுகளைக் கொண்டு 2 டிபிக்கு மேல் குறிக்க முடியாது. விண்டோஸ் எக்ஸ்பி கணினிகளிலும் பெரிய தட்டு வேலை செய்ய வேண்டும் என்பதற்காகச் சில பெட்டிகள் நடுவில் நின்று, எட்டெட்டுத் துண்டுகளைச் சேர்த்து ஒரே 4096 பைட் துண்டாகக் கணினிக்குக் காட்டின. பட்டியலும் அந்தக் கணக்கில் எழுதப்பட்டது. இப்போது நடுவில் பெட்டி இல்லை. கணினி அதே எண்களை 512 கணக்கில் படிக்கிறது, தொடக்கமும் அளவும் தவறாகத் தெரிகின்றன.

பெட்டிக்குள் இருந்த சிறிய பலகையைத் தூக்கி எறிந்துவிடவில்லையே? அதைத் தட்டில் செருகி, யுஎஸ்பி கேபிளை ஒட்டுநாடாவால் அசையாமல் கட்டி நகலெடுங்கள். அது முடியாவிட்டால் விண்டோஸுக்கு மாற்றான லினக்ஸ் இயங்குதளத்தில் அந்தத் தட்டையே லூப் கருவியாக (வேறு கணக்கில் காட்டும் போலித் தட்டாக), துண்டின் அளவு 4096 என்று கொடுத்து, படிக்க மட்டும் என்ற நிலையில் ஏற்றலாம்.

வேறு சில பெட்டிகளின் பலகைகள் எழுதுவதை எல்லாம் குறியாக்கம் செய்தே தட்டில் போடும். அந்த வகையாக இருந்தால் எந்தப் பகுதியும் தெரிந்திருக்காது. பெட்டியைப் பிரித்து எடுத்த தட்டின் பலகையை, நகல் முடியும் வரை யாரும் எறியக் கூடாது.

நூலகர்:

500 ஜிபி பற்றி. 'தொடர்க' பொத்தான் உங்கள் புதிய கணக்குக்கு அனுமதியைக் கோப்பு கோப்பாகத் தட்டிலேயே எழுதும். ஸ்மார்ட் சுத்தமாக இருப்பதால் அழுத்தலாம், கோப்புகள் அதிகமென்றால் நேரம் பிடிக்கும். தட்டு சந்தேகமாக இருந்திருந்தால் லினக்ஸ் பென்டிரைவில் எழுப்பி, படிக்க மட்டும் ஏற்றி எடுக்கச் சொல்லியிருப்பேன். அங்கே பழைய விண்டோஸ் அனுமதிகள் குறுக்கே வராது.

நகலெடுக்க, விண்டோஸிலேயே உள்ள ரோபோகாப்பி என்ற கட்டளை நல்லது. மறுமுயற்சி எண்ணிக்கையை 1 ஆகவும் காத்திருப்பை 1 நொடியாகவும் வைக்க மறக்க வேண்டாம். நாம் சொல்லாவிட்டால் படிக்க முடியாத ஒரே கோப்புக்காக 30 நொடிக்கு ஒரு முறை, 10 லட்சம் முறை முயலும். பழைய தட்டில் அது நல்லதல்ல.

மழைத்துளி:

3 டிபி வந்துவிட்டது! பலகையைக் குப்பைக் கூடையிலிருந்து எடுத்தேன். நகலெடுக்க 9 மணி நேரம் ஆனது. கேபிளில் கைபடக் கூடாது என்று அறைக்கதவைச் சாத்திவிட்டு வெளியே இருந்தேன்.

500 ஜிபியும் முடிந்தது. அதில் என் அப்பா எழுதிய கட்டுரைகள் உள்ளன. வேர்டு கோப்புகள் திறக்கின்றன, ஆனால் தமிழுக்குப் பதில் ஆங்கில எழுத்துகளும் குறிகளுமாகத் தெரிகின்றன. கெட்டுவிட்டனவா?

நூலகர்:

கெடவில்லை. யூனிகோடு பரவுவதற்கு முன் தட்டச்சு செய்தவை. பாமினி, டிஸ்கி, டாப், டாம் என்று அப்போது ஒவ்வொரு எழுத்துருவும் ஒரு குறியீட்டு முறையைப் பின்பற்றியது. எழுத்துரு இல்லாத கணினியில் அடியில் இருக்கும் குறிகள் மட்டும் தெரியும். பழைய தட்டின் விண்டோஸ் கோப்புறைக்குள் ஃபான்ட்ஸ் என்ற கோப்புறை இருக்கும், அதையும் நகலெடுங்கள். வேர்டில் அந்தப் பத்தியைத் தேர்ந்தெடுத்தால் எழுத்துருவின் பெயர் மேலே தெரியும். அதே எழுத்துருவைப் புதியதில் நிறுவினால் அப்பாவின் தமிழ் திரும்பிவிடும். பிறகு என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற எழுத்துரு மாற்றியால் யூனிகோடுக்கு மாற்றி, மூலத்தையும் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். மாற்றும்போது சில எழுத்துகள் பிறழலாம். ஒரு முறை கண்ணால் படித்துவிடுங்கள்.

தமிழில் எழுதியவர்களின் பழைய தட்டு எதுவானாலும் எழுத்துருக் கோப்புறையை விட்டுவிடாதீர்கள். ஆவணங்களை எல்லாம் காப்பாற்றிவிட்டு எழுத்துருவை இழந்தவர்கள் அதன் பெயரைத் தேடி அலைவதை நிறையப் பார்த்துவிட்டேன்.

மழைத்துளி:

நிறுவினேன். அப்பாவின் கட்டுரை தலைப்போடு திறந்தது.

இனி 80 ஜிபி. யுஎஸ்பி மாற்றி வந்துவிட்டது. என்ன செய்ய வேண்டும், என்ன செய்யக் கூடாது?

திருப்புளி:

40 ஊசிகளில் நடுவில் ஒன்று இருக்காது. மாற்றியின் அடைபட்ட துளை அதற்கு நேராக வர வேண்டும், தலைகீழாக அழுத்தினால் ஊசிகள் மடங்கும். ஊசிகளுக்குப் பக்கத்தில் உள்ள ஜம்பரை (இரண்டு ஊசிகளை இணைக்கும் சிறு மூடியை) மாஸ்டர் நிலையில் வையுங்கள், தட்டின் மேல் ஒட்டியிருக்கும் தாளில் படம் இருக்கும். 4 முனை மின் இணைப்பை முதலில் கொடுத்து, தட்டு சீராகச் சுழலும் ஓசை வந்த பின் யுஎஸ்பியைச் செருகுங்கள். சீரான இடைவெளியில் டக், டக் என்று தட்டினால் உடனே மின்சாரத்தை நிறுத்துங்கள். அது தலை தேடித் தடுமாறும் ஓசை, அதற்குமேல் நம் கைவேலை இல்லை, தரவு மீட்பவர்களிடம்தான் போக வேண்டும்.

நூலகர்:

கோப்புகளை இழுத்துப் போடாதீர்கள். லினக்ஸில் எழுப்பி டிடிரெஸ்க்யூ கொண்டு முழுத் தட்டையும் ஒரே பிம்பக் கோப்பாக எடுங்கள். எளிதில் வருவதை முதல் சுற்றில் அள்ளிவிடும். அடைபட்ட இடங்களைத் தனிக் கோப்பில் குறித்துக்கொண்டு தாண்டிப் போகும், பிறகு அந்த இடங்களுக்கு மட்டும் திரும்பி வரும். நடுவில் நின்றாலும் அந்தக் குறிப்புக் கோப்பு இருந்தால் விட்ட இடத்தில் தொடரலாம். பிம்பம் கிடைத்ததும் தட்டைக் கழற்றிவிட்டு எல்லாவற்றையும் பிம்பத்தில் தேடுங்கள்.

மழைத்துளி:

நேற்று இரவு செய்தேன். தட்டு சுழன்றது. முதல் சுற்று 55 நிமிடம். கடைசியில் 212 கேபி மட்டும் வரவில்லை, மூன்று சுற்றுக்குப் பின்னும் அசையவில்லை. இரண்டு புகைப்படங்களில் பாதிக்குக் கீழே சாம்பல் நிறமாக இருக்கிறது. ஒன்றில் என் அம்மாவின் முகம் மேல்பாதியில் இருக்கிறது, மடியில் இருந்த குழந்தை கீழ்ப்பாதியில் போய்விட்டாள். வேறு இழப்பு எதுவும் கண்ணில் படவில்லை.

பிம்பத்தை இரண்டு புதிய தட்டுகளில் வைத்து, ஹாஷ் எண்கள் (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் அடையாள எண்கள்) ஒத்துப்போகின்றன என்று சரிபார்த்துவிட்டேன். ஒரு தட்டு என் தங்கை வீட்டுக்குப் போகிறது.

500 ஜிபியை ஒருவருக்குக் கொடுக்க நினைக்கிறேன். ஃபார்மேட் செய்தால் போதுமா?

திருப்புளி:

விரைவு ஃபார்மேட் போதாது, கோப்புகளின் பட்டியலை மட்டும் அழிக்கும். விரைவு என்ற குறியை எடுத்துவிட்டு முழு ஃபார்மேட் கொடுங்கள். விஸ்டாவிலிருந்து அது தட்டு முழுவதும் பூஜ்யங்களை எழுதுகிறது. தட்டில் எத்தனை பகுதிகள் இருக்கின்றனவோ அத்தனைக்கும் செய்ய வேண்டும். இரண்டு நகல்களையும் திறந்து பார்த்த பிறகு செய்யுங்கள், அதற்கு முன் வேண்டாம்.

இரவுவிளக்கு:

ஒலிப்பதிவு என்ன ஆயிற்று, அதைச் சொல்லவே இல்லையே?

மழைத்துளி:

முழுதாக இருக்கிறது. 41 நொடி. இன்று மாலை மகளைப் பக்கத்தில் உட்காரவைத்துப் போட்டேன். ஒன்றிலிருந்து ஏழு வரை சரியாகச் சொல்கிறாள், பிறகு ஒன்பது என்கிறாள். பின்னாலிருந்து அம்மாவின் குரல், "எட்டு எங்கே?" என்று கேட்கிறது. அம்மாவின் குரல் அந்தப் பதிவில் இருந்தது எனக்கு நினைவே இல்லை.